ஹெலிகாப்டர் லைனில் அப்பாசாமி

பல்லி, பாச்சை, வயசு கேட்பவர். இந்த மூன்றும் இல்லாத தெரு நம் செங்கல்பட்டுப் பக்கம் கிடையாது. பல்லிக்கு முட்டை ஓடு இருக்கிறது. பாச்சைக்கு உருண்டை இருக்கிறது. மூன்றாவதற்கு மட்டும் இன்னும் மருந்து வரவில்லை.

நீங்கள் ஏதோ ஒன்று செய்யப் போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும். இந்த ஆசாமி உங்களைச் சந்தையில் புளி வாங்குகிறவர் மாதிரி மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்த வயசுலயா?" என்பார். சைக்கிள் கேட்கிற பொடியனுக்கும் அதே கேள்விதான், ஸ்கூட்டி பழகுகிற ராஜம் அக்காவுக்கும் அதேதான். மதுராந்தகம் ஏரியில் நீச்சல் பழகப் போன என் சித்தப்பாவிடம், "நீச்சல் தெரியாம தண்ணில எறங்கக் கூடாது" என்றார் ஒருத்தர். சித்தப்பா இன்றுவரை கரையிலேயே இருக்கிறார். சாவு வீட்டிலாவது வாயை மூடுவார்களா? அறுபதில் போனால், "போற வயசா இது?" தொண்ணூறில் போனால் மாலையைப் போட்டுக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் முன்னாடியே..." என்று இழுப்பார்கள். அப்படியானால் சரியான வயசுதான் எது? அது நேற்றோடு முடிந்திருக்கும். இல்லையென்றால் பத்து வருஷம் கழித்து வரும். இன்றைக்கு மட்டும் இருக்கவே இருக்காது.

இந்த இனத்தில் கொடி பிடித்து முன்னால் போகிறவர் எங்கள் அப்பாசாமி அண்ணாத்தை.

மாமல்லபுரம் போகிற கடற்கரைச் சாலையில் ஒரு குட்டிக் கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. அங்கே ஆறு தகர ஹெலிகாப்டர்கள். இரும்புக் கைகளின் நுனியில் உட்கார்ந்து ஒரு தூணைச் சுற்றும். சுற்றிக்கொண்டே இரண்டு ஆள் உயரத்துக்கு எழும்பும். ஏறுகிற இடத்தில் மஞ்சள் பெயிண்ட் அடித்த அளவுக்கம்போடு அப்பாசாமி நிற்பார். கீழ்க்கோட்டை எட்டாத பிள்ளையிடம், "வளந்துட்டு வா" என்பார். மேல்கோட்டைத் தாண்டிய பிள்ளையிடம், "ஏன் வளந்த?" என்பார். பக்கத்தில் சோளப்பொரி விற்பவன் நான். இதையெல்லாம் தினமும் இலவசமாகப் பார்க்கிறேன்.

அதோடு விட்டாரா? "நானு இருவது வருசமா ஹெலிகாப்டர் லைன்ல கீறேன்" என்று டீக்கடையில் சொல்லிச் சொல்லி, புதுப்பட்டினம் முழுக்க அதை நம்ப வைத்துவிட்டார். வானத்தில் நிஜ ஹெலிகாப்டர் போனால் எல்லோரும் ஹெலிகாப்டரைப் பார்க்க மாட்டார்கள்; அப்பாசாமியைப் பார்ப்பார்கள். அவர் கண்ணைச் சுருக்கி அண்ணாந்து பார்த்து, "ம்... பரவால்ல, ஓட்டுறான்" என்ற பிறகுதான் டீ ஆறியது ஞாபகம் வரும்.

வம்பு இங்கேதான் தொடங்கியது. எங்கள் தெரு அன்பரசிக்கு நிஜமாகவே ஹெலிகாப்டர் ஓட்ட வேண்டும். பத்தாம் வகுப்பு வரை என் பெஞ்சுக்கு முன் பெஞ்சு. அதற்கப்புறம் அவள் மேலே போனாள், நான் வெளியே போனேன். பன்னிரண்டாவதில் இயற்பியல், கணிதம் இரண்டிலும் தேறி, போன மாசம் பதினெட்டும் முடித்துவிட்டாள். திங்கட்கிழமை மெட்ராஸில் மருத்துவப் பரிசோதனை. கண், காது, நெஞ்சு எல்லாம் பார்ப்பார்கள். அதில் தேறினால்தான் பயிற்சியைப் பற்றிப் பேசவே முடியும். அந்தப் பரிசோதனைக்குப் போக அவள் அப்பா, சிறுசேரிக்கு ஐடி ஆட்களை ஏற்றிப் போகிற கிருபாகரன் மாமா, ஒரு வார்த்தை "போ" என்று சொல்ல வேண்டும்.

மாமா நல்லவர். அதனால் யோசித்தார். யோசித்து, "லைன்ல கீற ஆள ஒரு வார்த்த கேட்டுக்கலாம்" என்று மகளைக் கூட்டிக்கொண்டு நேராக அப்பாசாமியிடம் வந்துவிட்டார். கண் வைத்தியத்துக்குக் கண்ணாடி வளையல் கடைக்குப் போன கதைதான்.

வெயில் மதியம். பூங்காவில் ஈ கூட இல்லை. அப்பாசாமி அன்பரசியை மஞ்சள் கம்புக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார். நிஜமாகவே நிற்க வைத்தார்.

"மேல்கோட்டத் தாண்டிட்ட. இன்னா வயசு?"

"பதினெட்டு."

"சின்ன வயசு. அனுபவம் எத்தினி மணி நேரம்?"

"பயிற்சியிலதான் பறந்து பறந்து சேக்கணும் அண்ணாத்த."

"அனுபவம் இல்லாம எவன் ஒன்ன ஏத்துவான்?"

"ஏத்தாம அனுபவம் எப்டி வரும்?"

"பாத்தியா கிருபா, இப்பவே எதுத்துப் பேசுது. மேல போயி காத்து எதுத்து அடிச்சா இன்னா பண்ணும்? பத்து வருசம் போவட்டும், அனுபவத்தோட வரட்டும்."

மாமாவின் முகம் வாடிவிட்டது. அன்பரசி துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். பத்தாம் வகுப்பில் கணக்குப் பேப்பர் தரும்போது கூட அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றதில் என் சோளம் தீய்ந்தது.

"அண்ணாத்த, நீங்க ஒரு தபா ஒக்காந்து காமிங்களேன்," என்றேன். "காத்து எப்டி அடிக்கும்னு மாமாவுக்குப் புரியட்டும்."

இந்த இனத்தை வீழ்த்த வேறு ஆயுதமே வேண்டாம். 'காமிங்களேன்' போதும். பன்னிரண்டு வயசுக்கு மேல் அனுமதி இல்லை என்ற பலகையைத் தாண்டி, ஐம்பத்திரண்டு வயசு அப்பாசாமி, முழங்கால் இரண்டும் காதைத் தொட, சிவப்பு ஹெலிகாப்டருக்குள் தன்னைத் திணித்துக்கொண்டார். அதுதான் அவருக்கு முதல் தடவையாம். வேலைக்குச் சேர்ந்த அன்றே அவருக்கு வயசு தாண்டியிருந்தது.

பொத்தானை அழுத்தினேன். எழும்பினார். இரண்டு சுற்று ராஜா மாதிரி போனார். மூன்றாவது சுற்றில் கரண்ட் போய்விட்டது. சத்தியமாக அது மட்டும் என் வேலை இல்லை.

"டேய்! எறக்குடா! தூணுக்கு அடியில கைப்பிடி கீது பாரு, சுத்து!"

"எனக்குப் பதினேழுதான் அண்ணாத்த. வயசு பத்தாது."

"கிருபா, நீ சுத்து!"

"மாமாவுக்கு நாப்பத்தெட்டு. வயசு தாண்டிடுச்சே."

"டேய் பேமானி! அப்ப அந்தப் பொண்ண சுத்தச் சொல்லுடா!"

அன்பரசி கைப்பிடியருகே போய் நின்று, அண்ணாந்து, மிகவும் மரியாதையாகக் கேட்டாள்: "எனக்கு அனுபவம் இல்லியே அண்ணாத்த?"

தகரம் ஒரு தடவை 'கிறீச்' என்றது. மேலேயிருந்து வந்த குரல் சாலை வரைக்கும் கேட்டிருக்கும்.

"அனுபவம் இன்னாமா அனுபவம்! சுத்து! சுத்தினா தானா வந்துடும்!"

மாமா நிமிர்ந்து அப்பாசாமியைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அவள் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து, ஒரு குலுக்கல் இல்லாமல், தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல அவரை இறக்கிக்கொண்டிருந்தாள். பாதி வழியில் அப்பாசாமி திடீரென்று, "நில்லு, நில்லு" என்றார். பயந்துபோய் நிறுத்தினாள். அவர் எங்களைப் பார்க்கவில்லை. சவுக்கு மரங்களின் இடைவெளியில் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கருந்து கடலு தெரியுதுடா," என்றார், சின்னக் குரலில்.

யாரும் அவசரப்படுத்தவில்லை. கிண்டலுக்கும் ஒரு வரம்பு இருக்கிறது.

தரையில் கால் பட்டதும் பழைய அப்பாசாமி திரும்பிவிட்டார். "எறக்கறப்ப இடது பக்கம் லேசா சாஞ்சிச்சி" என்றார். கிருபாகரன் மாமா அதைக் காதில் வாங்கவே இல்லை. "திங்கக்கெழம வண்டிக்கு வேற ஆள் சொல்லிட்றேன். காலையில கெளம்பலாம்மா" என்றார். அன்பரசி துப்பட்டாவை விட்டுவிட்டாள்.

அவள் எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டாள். இப்போது டீக்கடையில் அப்பாசாமி, "நம்ம கிட்ட ட்ரெய்னிங் எடுத்த பொண்ணு. மொத லேண்டிங்கே என்ன வெச்சித்தான்" என்கிறார். அது பொய் என்று எப்படிச் சொல்வது?

நீங்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். உங்கள் பெரியப்பாவையோ, பக்கத்து வீட்டுக்காரரையோ நினைத்திருப்பீர்கள். நல்லது. ஆனால் நடுவில் ஓர் இடத்தில், எனக்குப் பதினேழு என்று சொன்னேனே, அப்போது உங்கள் புருவம் லேசாக ஏறி, "இந்த வயசுலயா எழுதுறான்?" என்று மனசுக்குள் ஒரு கேள்வி வந்ததா இல்லையா?

கையைக் கொஞ்சம் பாருங்கள். மஞ்சள் பெயிண்ட் ஒட்டியிருக்கும்.