கழுதை வாங்கித் தந்த விடுதலை

சொதி சாப்பிட்ட வாயால் சரித்திரம் பேசக்கூடாது. இது எந்தப் புத்தகத்திலும் இல்லை; நான் பட்டுத் தெரிந்துகொண்டது. சொதி சாப்பிட்டுவிட்டு அரசியல் பேசலாம், அடுத்த வீட்டுக்காரரைப் பற்றி நாலு வார்த்தை பேசலாம், கண்ணை மூடிக்கொண்டு பேசினாலும் கெட்டுப்போகாத எதையும் பேசலாம். சரித்திரம் அப்படி இல்லை. அதில் காரணம் முன்னால் வரவேண்டும், விளைவு பின்னால் வரவேண்டும். நடுவில் கழுதை வரக்கூடாது.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. தேங்காயை முதல் பால், இரண்டாம் பால் என்று தனித்தனியாகப் பிழிந்து, காய்களை அதில் வேகவிட்டு, பாசிப்பருப்பு சேர்த்து, இறக்கியபின் எலுமிச்சை பிழிந்தால் சொதி. எங்கள் பக்கத்துச் சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டில் மாப்பிள்ளைக்கு இதுதான் மறுவீட்டு விருந்து. கூடவே இஞ்சிப் பச்சடி கட்டாயம் உண்டு. தேங்காய்ப்பால் ஆளை அமுக்கும், இஞ்சி தூக்கி நிறுத்தும். இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் என்னைப் போன்ற மாப்பிள்ளை ஒருவனைப் பார்த்துவிட்டுத்தான் செய்திருக்க வேண்டும்.

அப்போது நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்தேன். (தற்காலிக விரிவுரையாளர். கல்யாணப் பத்திரிகையில் ‘தற்காலிக’ என்பதை மட்டும் அச்சகத்தார் விட்டுவிட்டார்கள். நாங்களும் திருத்தச் சொல்லவில்லை.) ஞாயிற்றுக்கிழமைகளில் என் வாடகை வீட்டில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு. பழைய கார்ட்டூன் ஒன்றைப் போட்டுக் காட்டுவேன். அது வரையப்பட்ட காலத்தில் உலகத்தில் என்ன நடந்தது, நம் ஊரில் என்ன நடந்தது என்று சொல்லுவேன். கல்லூரியில் என் வகுப்புக்கு வராதவர்கள்கூட இதற்கு வந்தார்கள்.

இதற்கெல்லாம் காரணம் ஒரு கழுதை. சின்ன வயதில் டிவியில் பார்த்த கழுதை. குள்ளமாக இருக்கும். சமையற்கட்டுக்குள் புகுந்து சர்க்கரை மூட்டையைக் கடிக்கும். உயரத் தொப்பி வைத்த சமையல்காரர் கரண்டியோடு துரத்துவார். வாராவாரம் இதே கதை. நானும் வாராவாரம் புதிதாகப் பார்ப்பதுபோல விழுந்து விழுந்து சிரிப்பேன். வளர்ந்து சரித்திரம் படித்தபின் ஒருநாள் அதே கழுதையைத் தேடிப்பிடித்துப் பார்த்தபோது, சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வரைந்த படம். அந்த நாட்டில் அப்போது சர்க்கரைக்கு ரேஷன். அதனால்தான் அந்த மனிதர் ஒரு வாய்ச் சர்க்கரைக்கு அப்படி உயிரைவிட்டுத் துரத்துகிறார். அதே காலத்தில் இங்கே ஜனங்கள் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றார்கள். பாபநாசத்தில் மலையடிவாரத்தில் அணைவேலை நடந்துகொண்டிருந்தது. எல்லாம் ஒரே காலம் என்று நினைத்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. (கோமதியிடம் இதைச் சொன்னபோது அவளுக்குக் கொட்டாவி வந்தது. அதற்குள் நிச்சயம் ஆகிவிட்டதால் அவளால் பின்வாங்க முடியவில்லை.)

சிக்கல் என்னவென்றால், கல்யாணத்துக்கு முந்தைய வாரம் என் வீட்டுக்காரர் வகுப்பை நிறுத்தச் சொல்லிவிட்டார். இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கழுதை போலக் கத்திக் காட்டினால் எந்த வீட்டுக்காரரும் அதைத்தான் சொல்லுவார். அப்போது கோமதி ஒரு யோசனை சொன்னாள். பேட்டையில் அவள் அப்பா வீட்டு மாடியில் பெரிய ஹால் ஒன்று சும்மா கிடந்தது. ஆனால் அதை வங்கித் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒருவர் கேட்டிருந்தார். மாமனாரும் கிட்டத்தட்டச் சரி என்று சொல்லிவிட்டார். மறுவீட்டன்று சாயங்காலம் அவர் சாவி வாங்க வருவதாக இருந்தது.

“மத்தியானம் சாப்பாடு முடிஞ்சதும் எல்லாரும் இருப்பாவ. உங்க கழுதையக் கொண்டுவந்து ஒருதடவை காட்டிருங்க” என்றாள் கோமதி. “அப்பா வாயால சரின்னு ஒரு வார்த்தை வாங்கிட்டா அப்புறம் மாத்த மாட்டாவ. இல்லைன்னு சொல்லிட்டாலும் மாத்த மாட்டாவ. அதான் பாத்துச் செய்யுங்க.”

மாமனாரைப் பற்றியும் சொல்லவேண்டும். வட்ட வழங்கல் அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஜீப் தெருமுனையில் திரும்பினாலே ரேஷன் கடைக்காரர்கள் மூட்டைகளை எண்ண ஆரம்பித்துவிடுவார்களாம். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. கல்யாண போட்டோகிராபரும் எவ்வளவோ முயன்று தோற்றுப்போனார். என் வகுப்பைப் பற்றி அவருடைய கருத்து ஒரே வரிதான்: “படிச்ச பிள்ளை பொம்மைப்படம் பாக்கலாமா?” இந்த மனிதரைத்தான் நான் ஒரு மத்தியானத்தில் மடக்கிவிடலாம் என்று நினைத்தேன்.

பந்தியில் உட்கார்ந்தேன். சொதி வந்தது. அதை நான் குறைசொல்ல மாட்டேன், தப்பெல்லாம் என்மேல்தான். இஞ்சிப் பச்சடி வந்தபோது கையால் இலையை மறைத்தேன். சொற்பொழிவாளனின் தொண்டையாயிற்றே, இஞ்சி பட்டுக் கரகரத்துவிட்டால் என்ன செய்வது?

“இஞ்சிய வேண்டாம்னு சொல்லாதீய மாப்ளை” என்றாள் அத்தை, அதாவது மாமியார். “சொதிக்கு அதுதான் கடிவாளம்.”

“தொண்டைக்கு ஆகாது அத்தை.”

“அப்பச் சொதியாவது கொஞ்சம் விடுதேன்.”

அந்தக் கொஞ்சம் என்பது இலையின் கரையைத் தொட்டது. ஒவ்வொரு தடவையும் நான் போதும் என்றேன். ஒவ்வொரு தடவையும் அத்தையின் முகம் வாடியது. புதுமாப்பிள்ளை அத்தையின் முகத்தை வாடவிடலாமா? கடைசியில் இலையை மூடி எழுந்தபோது எழுந்தது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

மாடியில் எல்லாம் தயார். சுவரில் வெள்ளைப் போர்வை கட்டி, நண்பனிடம் இரவல் வாங்கிய புரொஜெக்டரை எதிரே வைத்திருந்தேன். கோமதியின் அக்காவும், என் சகலையாகிய அவள் கணவரும், அவர்கள் மகள் வள்ளியும், இன்னும் நாலைந்து பிள்ளைகளும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வள்ளி அப்போது இரண்டாம் வகுப்பு. பெரியவர்கள் சுவரோரம். எனக்குக் கல்லூரியில் எப்போதும் நின்றுகொண்டு பேசித்தான் பழக்கம். நின்றேன்.

“மாப்ளை நிக்கக் கூடாது” என்றார் மாமனார். மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளையை நிற்கவைத்தால் அந்த வீட்டுக்கே மரியாதைக் குறைவாம். “அங்கன இருங்க.”

அங்கன இருந்தது மெத்தை போட்ட சாய்வு நாற்காலி. நான் மறுத்தேன். அத்தை தலையணை ஒன்றையும் கொண்டுவந்து முதுகுக்குக் கொடுத்தாள். ஜன்னல்களைச் சாத்தினார்கள். மின்விசிறி பைய சுற்றியது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் லேத் பட்டறையில்கூடச் சாப்பாட்டு நேரமாகையால் சத்தம் இல்லை. இருட்டு, காற்று, மெத்தை, தலையணை, உள்ளே தேங்காய்ப்பால். ஒரு மனிதனை வீழ்த்த இவ்வளவு பெரிய படை வேண்டியதே இல்லை.

கழுதை வந்தது, சர்க்கரை மூட்டையைக் கடித்தது, பிள்ளைகள் சிரித்தார்கள். சரியான இடத்தில் படத்தை நிறுத்தினேன். “இந்தச் சமையல்காரர் ஏன் இவ்வளவு கோபப்படுகிறார்?” என்று கேட்டேன். மாமனார் லேசாக முன்னால் நகர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். வெற்றி என்று நினைத்தேன். “அது போர்க்காலம்...” என்று தொடங்கினேன். எனக்குத் தெரிந்து நான் நடத்திய பாடம் அவ்வளவுதான்.

மீதியை நான் பிற்பாடு சகலையின் செல்போனில்தான் பார்த்தேன். அந்த மகாபாவி முதலிலிருந்து பதிவு செய்திருக்கிறார். அதில் என் கண் மூடுகிறது, தலை தலையணைக்குப் போகிறது, ஆனால் வாய் நிற்கவில்லை. வேலைக்குப் புதிது அல்லவா, வகுப்பில் மௌனமாக இருந்தால் சம்பளம் பிடித்துவிடுவார்கள் என்று வாய்க்குப் பயம் இருந்திருக்கிறது.

“ஜனங்கள் வரிசையில் நின்றார்கள்” என்கிறேன். “கழுதையும் நின்றது. அதற்குக் கார்டு இல்லை.”

எல்லோரும் இது பாடத்தில் ஒரு பகுதி என்று நினைத்திருக்கிறார்கள்.

“பாபநாசத்தில் அணை கட்டினார்கள். சர்க்கரையில் கட்டினார்கள். கழுதை சுமந்தது.” நீண்ட பெருமூச்சு. “தொப்பிக்காரர் வரி போட்டார். கழுதை பொறுத்துப் பொறுத்துப் பார்த்தது. ஒரே உதை. தொப்பிக்காரர் கப்பலேறிப் போய்விட்டார். இதையே நாம் விடுதலை என்கிறோம்.”

“அம்மா, சித்தப்பா தூங்குதாவ” என்கிறாள் வள்ளி.

“சும்மா இரு. சித்தப்பா பாடம் எடுக்காவ” என்கிறாள் கோமதி. (என் மனைவியின் நல்ல குணத்துக்கு வேறு சாட்சி வேண்டாம். கல்யாணமாகி ஒரே நாள்தான் ஆகியிருந்தது.)

வள்ளி விடவில்லை. நாற்காலிப் பக்கத்தில் வந்து கேட்கிறாள். “சித்தப்பா, கழுதைக்கு மாலை போட்டாங்களா?”

“போட்டாங்க” என்கிறேன், கண்ணைத் திறக்காமல். “அதையும் தின்னுட்டு.”

அதற்குப் பிறகு படம் ஆடுகிறது. சகலையின் கை சிரிப்பில் குலுங்கியிருக்கிறது. நடுவே மாமனாரின் போன் அடிப்பது கேட்கிறது. அவர் பேசுவதும் கேட்கிறது. “ஹாலா? இப்பம் அங்கன ஒரு வகுப்பு நடக்கு. யாரு எடுக்காவளா? எங்க மாப்ளைதான். இல்லைய்யா, பேச முடியாது, தூங்குதாவ.” சற்று நிறுத்தி, “ஆமா, தூங்கிக்கிட்டேதான் எடுக்காவ.”

என்னை எழுப்பியது பின்பக்கத்து லேத் பட்டறை. சாப்பாடு முடிந்து வந்தவர்கள் ஒரு இரும்புத் தகட்டைத் தரையில் போட்டார்கள். தூக்கிவாரிப் போட்டது. இருட்டில் வரிசையாக முகங்கள். எத்தனை நேரம் போனது என்று தெரியவில்லை, மானமாவது மிஞ்சட்டும் என்று கம்பீரமாக நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டேன்: “கேள்வி ஏதாவது உண்டா?”

ஹால் இடிந்து விழுவதுபோலச் சிரித்தார்கள். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஹாலும் போயிற்று, மரியாதையும் போயிற்று, இனி வங்கித் தேர்வுக்கு நானே இந்த மாடியில் வந்து படிக்கவேண்டியதுதான் என்று உட்கார்ந்திருந்தேன். நிஜமாகவே அழுகை வந்தது.

சிரிக்காதவர் ஒருவர்தான். மாமனார் போர்வைக்குப் பக்கத்தில், மூலையில் சாத்தியிருந்த குடையைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். நான் தூங்கிய நேரத்தில் கோமதியை விட்டு அந்தக் கழுதைப் படத்தைத் திரும்பத் திரும்பப் போடச்சொல்லிப் பார்த்திருக்கிறார்.

“எனக்கு ஒரு கேள்வி இருக்கு மாப்ளை.” குடை நுனியால் படத்தைத் தொட்டார். “இங்கன அஞ்சு மூட்டை சர்க்கரை இருக்கு. கழுதை தின்னது ஒரு மூட்டை. அவன் துரத்திட்டுத் திரும்பி வரும்போது மூணுதான் இருக்கு. மிச்சம் ஒண்ணு எங்க?”

நான் அந்தப் படத்தைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அதை வைத்து வகுப்பே நடத்துகிறேன். மூட்டையை ஒருநாளும் எண்ணியதில்லை.

“வரைஞ்சவங்க மறந்திருப்பாங்க மாமா.”

“மறக்கவாவது. அந்தத் தொப்பிக்காரன் பின்வாசல் வழியா வித்துட்டான்.” குடையைத் தரையில் ஊன்றினார். “நான் சர்வீஸ்ல பாத்த ஆளுகதான். இங்க உள்ளவன் எலி தின்னுட்டுன்னு எழுதுவான். இவன் கழுதை தின்னுட்டுன்னு எழுதியிருக்கான். பாவம், அது வாயில்லா ஜீவன். அதைப் போட்டு என்ன துரத்து துரத்துதான்.”

சொல்லி முடித்ததும் அவர் தோள் குலுங்கியது. முதலில் இருமல் என்று நினைத்தோம். பிறகுதான் தெரிந்தது, சிரிக்கிறார். சேர்த்துவைத்ததெல்லாம் ஒரேயடியாக வருவதுபோலச் சிரித்தார். கோமதி என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு ஹால் கிடைத்துவிட்டது தெரிந்தது. சாவியை அவரே இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் சொதி வைக்கக்கூடாது. அதை அத்தையைப் பார்த்துச் சொன்னார்.

இன்றைக்கும் அந்த ஹாலில்தான் வகுப்பு நடக்கிறது. மாமனார் கடைசி வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கார்ட்டூனிலும் இருப்பு சரிபார்க்கிறார். அந்தக் குடும்பத்தில் மத்தியானம் யார் கண்ணயர்ந்தாலும் “வகுப்பு நடக்கு, சத்தம் போடாதீய” என்கிறார்கள். எந்த விருந்திலும் என் இலையில் உப்புக்கு முன்னால் இஞ்சிப் பச்சடி விழுகிறது. யாரும் என்னிடம் கேட்பதில்லை. ஆகஸ்ட் பதினைந்து காலையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மற்றவர்கள் கொடி அனுப்புவதற்கு முன்பே சகலை அந்த வீடியோவை அனுப்பிவிடுகிறார்.

இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. ஆனால் போன வாரம் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்ட வள்ளி, திருத்திய பரீட்சைத் தாளைக் கொண்டுவந்து காட்டினாள். ஆங்கிலேயர் இந்தியாவை விட்டு வெளியேறிய காரணங்களை விளக்குக என்பது கேள்வி. ஒன்றுவிடாமல் எழுதியிருந்தாள். நான் சொல்லிக்கொடுத்ததுதான். பெருமையாக இருந்தது. கடைசி வரியைப் படிக்கும்வரை.

“இவை தவிர வேறொரு காரணமும் உண்டு. அதை என் சித்தப்பா தூங்கும்போது மட்டும் சொல்வார்.”

ஆசிரியை மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. ஓரத்தில் சிவப்பு மையில், சித்தப்பாவை ஒருநாள் வகுப்புக்கு அழைத்து வரவும் என்று எழுதியிருந்தார்.

“போகட்டுமா?” என்று கோமதியிடம் கேட்டேன்.

“போங்க” என்றாள். “ஆனா தேங்காய இப்பமே துருவி வைக்கணும். நீங்க முழிச்சிருந்தா அந்தக் காரணம் வராதுல்லா.”