மூன்றாம் கவுன்ட்டர் இருட்டு

“மூணாம் கவுன்ட்டர். திரை இருட்டா இருக்கு.”

இன்டர்காமில் இவ்வளவுதான் வந்தது. ஆனால் மின்கட்டண அலுவலகத்தின் மாடியில் உட்கார்ந்திருந்த கணினி அறைக்காரருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. பேசியது, கீழே அந்தக் கவுன்ட்டரில் வேலை பார்க்கும் அவர் மனைவி. ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது.

எல்லாம் துறைத் தலைவர் வீட்டு விருந்தில் வந்த வினை. போன இடத்தில் இவர் தலைவரிடம் கேபிளைப் பற்றி ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் விருந்து முடிந்துவிட்டது. பக்கத்திலேயே நின்ற மனைவியைத் தலைவருக்கு அறிமுகப்படுத்தவே இல்லை.

“கண்ட பெட்டியை எல்லாம் பேர் சொல்லி மெயின்ஃப்ரேமுக்கு அறிமுகம் பண்றீங்க. கட்டினவளுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல” என்று வழியில் சொன்னவள், அதோடு வாயை மூடிக்கொண்டாள்.

அவள் சொன்னது நிஜம். அவர் வேலையே அதுதான். கீழே உள்ள டெர்மினல் என்ற ஒவ்வொரு திரைப்பெட்டிக்கும் என்ன பெயர், எந்த இணைப்பு, ரசீது எந்தப் பிரின்டரில் வர வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்தால்தான் மெயின்ஃப்ரேம் என்ற பெரிய கணினி அதை ஏறெடுத்துப் பார்க்கும். எழுதாத பெட்டி வாசலோடு சரி.

இதைச் சரிசெய்தால் வீடும் சரியாகிவிடும் என்று மனக்கணக்குப் போட்டார். எழுதி வைத்திருந்ததில் ஒரு தப்பும் தெரியவில்லை. இருந்தாலும் சும்மா இருக்க முடியுமா? அதை அழித்துவிட்டு, இரண்டாம் கவுன்ட்டருக்கு எழுதியதை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றினார். இணைப்பை மாற்ற மறந்தார்.

“இப்ப எப்படி இருக்கு?”

“எனக்கு அதே இருட்டுதான். பக்கத்துல இந்தப் பொண்ணோட ரெண்டாம் கவுன்ட்டரும் போச்சு.”

“பாத்துடறேன். நீ... சாப்பிட்டியா?”

“முதல்ல வேலையைப் பாருங்க.”

திட்டினாலும் பேசுகிறாளே என்று அவருக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில், என்றைக்குமே மக்கர் செய்யாத தலைவரின் டெர்மினலைப் பார்த்து இரண்டாம் கவுன்ட்டருக்குப் புதிதாக எழுதினார். பெயர், இணைப்பு இரண்டையும் கவனமாக மாற்றினார். பிரின்டரை விட்டுவிட்டார்.

இரண்டாம் கவுன்ட்டர் உயிர் பெற்றது. சற்று நேரத்தில், கை நிறைய ரசீதுகளோடு தலைவர் வந்து நின்றார்.

“ஊரார் கரன்ட் பில்லுக்கெல்லாம் என் ரூம்ல ரசீது வருது. நான் எப்பய்யா கவுன்ட்டர்ல சேர்ந்தேன்?”

“மூணாம் கவுன்ட்டரைச் சரிபண்ணப் போய் இப்படி ஆயிடுச்சு, சார்.”

“அங்க யாரு இருக்கா?”

“என் வீட்டுக்காரி, சார்.”

“அடடே, இங்கேயா வேலை பாக்குறாங்க? அன்னிக்கு விருந்துக்குக் கூட்டிட்டு வந்திருக்கலாமே!”

“வந்திருந்தாங்க, சார்.”

தலைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “நடங்க கீழே” என்றார்.

மூன்றாம் கவுன்ட்டர் முன்னால், வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் கேட்க, கணினி அறைக்காரர் தொண்டையைச் செருமினார். “சார், இவங்க என் மனைவி. அன்னிக்கே சொல்லியிருக்கணும். தப்பு என்னோடதுதான்.”

தலைவர் கைகூப்பினார். அவள் சிரித்தாள். ஒரு வாரமாகக் காணாத சிரிப்பைப் பார்த்ததும் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதே வேகத்தில் இருண்ட திரையைத் தொட்டு, “ராத்திரி முழுக்க உட்கார்ந்தாவது இதைச் சரிபண்ணிடறேன்” என்றார்.

இரண்டாம் கவுன்ட்டர்ப் பெண் எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, அதான் அறிமுகம் ஆயாச்சே. காலைல நீங்க திருகிக் குறைச்சு வச்ச திரை வெளிச்சத்தை இப்பக் கூட்டிடலாமா?”