முட்டைச்சாமியின் இரண்டு பானைகள்

வெள்ளிக்கிழமையானால் சிதம்பரத்திலிருந்து குமராட்சி போகும் மினிபஸ்ஸில் நிற்க இடம் கிடையாது. அத்தனை பேரும் பிள்ளை வரம் கேட்டு முட்டைச்சாமியைப் பார்க்கப் போகிறவர்கள். ஆளுக்கொரு ஸ்கேன் சீட்டு, ஒரு நாட்டுக்கோழி முட்டை. சீட்டின்மேல் பானையை வைத்து, அதிலுள்ள தண்ணீரில் முட்டையைப் போடுவார் சாமி. மூழ்கினால் அந்தப் பெண்ணின் வயிற்றிலிருக்கும் கருமுட்டை பிஞ்சு. மிதந்தால் முத்தியாச்சு. கோழிக்கும் பெண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. கோழியைக் கேட்டிருந்தால் சிரித்திருக்கும்.

சாமியின் பழைய பெயர் சுப்பராயலு. இதே மினிபஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஞானம் வந்த பிறகும் பக்தர்களை "உள்ள போ, உள்ள போ" என்றுதான் ஆசீர்வதிப்பார்.

முதல் தடவை வருகிறவர்களுக்கு மண்பானை. ஐந்து வெள்ளிக்கிழமை காணிக்கை வைத்தவர்களுக்கு வெண்கலப் பானை. மண்பானையில் ஒரு முட்டைகூட மிதந்ததில்லை. வெண்கலப் பானையில் ஒன்றுகூட மூழ்கியதில்லை. இதைக் கவனிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். பெரிய படிப்பு படித்தவர்களும் வரிசையில் நின்றார்கள், கவனிக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கயல்விழியும் நின்றாள். கடலூர் முதுநகரில் மாமியார் ராசம்மாளோடு கருவாடு போடுகிறவள். கல்யாணமாகி ஒன்பது வருடம். குழந்தைக்காகப் பத்து நாளாகத் தொப்புளைச் சுற்றி ஊசி குத்திக்கொண்டு, முட்டையை முத்தவைக்கும் கடைசி ஊசிவரை வந்துவிட்டாள். அதை அன்று மாலை சரியாக ஏழரைக்குக் கடலூர் ஆஸ்பத்திரியில் போட்டாக வேண்டும். தவறினால் பத்து நாள் வலியும் வீண்.

"சாமி ஒரு வார்த்த சொல்லட்டும், அப்புறம் போட்டுக்கலாம்" என்று ராசம்மாள்தான் இழுத்து வந்தார்.

ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்க்கும் இசைவாணி முன்பே சொல்லியிருந்தாள்: "ஸ்கேன்ல முட்டையே தெரியாதுக்கா. அது இருக்குற பைதான் தெரியும். வெளிய எடுத்து மைக்ராஸ்கோப்புல பாக்கணும். ஓரத்துல குட்டியா ஒரு உருண்டை வந்திருந்தா முத்துன முட்டை." ராசம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. பார்த்துச் சொல்கிறவர்களைவிடப் பார்க்காமல் சொல்கிறவர்களுக்குத்தான் நம் ஊரில் மரியாதை ஜாஸ்தி.

மண்பானையில் கயல்விழியின் முட்டை நேராக அடியில் போய் உட்கார்ந்தது.

"பிஞ்சு!" என்றார் சாமி. "ஊசி போட்டா உள்ளயே கருகிடும். அஞ்சு வெள்ளி வா."

ராசம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நல்லவேள சாமி! ஊசி வேணாம், வாடி போலாம்."

கயல்விழிக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. பக்கத்தில் வெண்கலப் பானையின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ காய்ந்து கிடந்தது. அவள் தினமும் பார்க்கிற வெள்ளை. சுரண்டி நாக்கில் வைத்தாள்.

"அத்தே, கருவாட்டுத் தொட்டியில உப்பு பதமான்னு எப்புடிப் பாப்பீங்க?"

"இது என்னாடி கேள்வி? முட்டையப் போட்டு மெதக்குதான்னு..." ராசம்மாள் பாதியில் நிறுத்தினார்.

கயல்விழி மூழ்கிய முட்டையை எடுத்து வெண்கலப் பானையில் போட்டாள். "ஏய், தோஷம்!" என்று சாமி பாய்வதற்குள் அது மிதந்தது. மறுபடி மண்பானையில் போட்டாள். மூழ்கியது.

"பாருங்க அத்தே, ஒரு நிமிசத்துல முத்துது, மறு நிமிசம் பிஞ்சாவுது. சாமி முட்டையப் பாக்கல, பானைய மாத்துறாரு!"

ராசம்மாள் வெண்கலப் பானையில் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். நாற்பது வருடத் தொழில் விழித்துக்கொண்டது.

"அடப்பாவி! வஞ்சிரத்துக்கே இவ்ளோ உப்பு போடமாட்டமேடா!"

கூட்டம் பானைமேல் விழுந்தது. நக்கியது, துப்பியது, திட்டியது. ஒருத்தர் மட்டும், "உப்பா இருந்தா என்னா? சாமி கைபட்ட உப்பில்ல?" என்று பாட்டிலில் பிடித்துக்கொண்டார். யாரோ போன் போட்டு போலீஸ் ஜீப் வந்ததும், பக்தர்களே "உள்ள போ, உள்ள போ" என்று சாமியை ஏற்றிவிட்டார்கள்.

ஏழரைக்கு ஊசி போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு முட்டை எடுத்தார்கள்.

"எட்டு முத்துனது" என்றாள் இசைவாணி.

"எப்புடிம்மா தெரிஞ்சுது?" என்றார் ராசம்மாள்.

"பாத்தோம்மா."

குழந்தை தங்குமா என்பது இனிமேல்தான் தெரியும். அதையும் பார்த்துத்தான் சொல்வார்கள். முட்டையைப் பார்க்க மைக்ராஸ்கோப் வேண்டும். அது எல்லோரிடமும் கிடையாது. பானைத் தண்ணீரைப் பார்க்க நாக்கு போதும். அது எல்லோரிடமும் இருக்கிறது. அதைச் சாமிக்கு வாழ்க போட மட்டுமே வைத்திருந்தால் அது யார் குற்றம்?