இத்தாலி பெர்னாண்டோவை நீக்கப் போன கதை

எச்சரிக்கை எழுதுகிறவன்தான் அதை வாசிக்காமல் தாண்டிப் போகும் முதல் ஆள். இதை நான் பாதி ஊரை அழித்துத்தான் கற்றுக்கொண்டேன்.

கணினிப் படிப்பு முடித்த திமிரில், மாம்புரி இரத்ததானச் சங்கத்தின் பெயர்ப் பட்டியலைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தேன். (ஒருவரும் கேட்கவில்லை.) ஆளை நீக்குமுன் ஓர் எச்சரிக்கை வரும்: 'பெர்னாண்டோவை நீக்கவா?' எத்தனை பெர்னாண்டோ என்று அது சொல்லாது. சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

ஒருநாள் காலையில், இத்தாலிக்குப் போய்விட்ட ஒரு பெர்னாண்டோவை நீக்க உட்கார்ந்தேன். பெயரை அடித்தேன். எச்சரிக்கை வந்தது. 'ஓம்' அழுத்தினேன். எங்கள் கரையில் கல்லெறிந்தால் ஏதாவதொரு பெர்னாண்டோ தலையில்தான் விழும் என்பதைப் படித்த மூளை மறந்துவிட்டது. (நானும் பெர்னாண்டோதான். நானும் போய்விட்டேன்.)

சங்கச் செயலாளர் ஜெசிந்தா அக்கா திரையை எட்டிப் பார்த்தார்.

"டேய், ஊர்ச்சனம் எல்லாம் எங்கடா?"

"இத்தாலிக்குப் போயிட்டாங்க அக்கா."

அந்த நேரம் பார்த்து மச்சான் போன் பண்ணினார். சிலாபம் ஆஸ்பத்திரியில் என் தங்கச்சிக்குப் பிரசவம். இரத்தம் நிற்கவில்லை, ஓ நெகட்டிவ் ஆள் உடனே வேண்டும். திரையில் மிஞ்சியிருந்தது பதினொரு பேர். அதில் ஒரேயொரு ஓ நெகட்டிவ், நுரைச்சோலை ரிஸ்வான் நானா. (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்.) பெயர் கொடுத்து இரண்டு வருடம். எங்கள் ஆட்களையே கூப்பிட்டுப் பழகிய நாங்கள் அவரை ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை.

"அழாதீங்க தம்பி. வேனை எடுத்துட்டன், ரோட்டுக்கு வாங்க," என்றார் நான் போன் பண்ணியதும்.

தங்கச்சி பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. அன்று அவருக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. இன்றும் சரியாக வருவதில்லை.

அடுத்த வாரம் வீடு வீடாகப் போய் பெர்னாண்டோக்களை மறுபடி எழுதினேன். "நாங்க உனக்கு என்னடா செஞ்சம்?" என்று கேட்காத வீடில்லை. இப்போது என் எச்சரிக்கை உண்மை பேசும்: '214 பேர் நீக்கப்படுவார்கள். திரும்பப் பெற முடியாது. சம்மதமென்றால் அந்த எண்ணிக்கையை நீங்களே அடியுங்கள்.' கொழும்பில் ஒரு கம்பனி இப்படி எழுதுவதற்கே எனக்குச் சம்பளம் தருகிறது.

அன்று பிறந்த மருமகளுக்கு இப்போது ஆறு வயது. அவளுடைய ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ரிஸ்வான் நானா வீட்டில் செய்த இனிப்பு வட்டிலப்பத்தோடு வருவார். வாசலில் நின்றே கேட்பார், "தம்பி, என்ட பேர் இன்னும் லிஸ்டுல ஈக்கா?"

வீடே சிரிக்கும். இந்த வருடம் அவள் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்தாள்.

"மாமா, இவரை அழிக்கிறதெண்டா முதல்ல என்னைக் கேக்கணும்."