நாற்பத்தெட்டு இலக்கமும் எட்டுப் பகையாளிகளும்

உத்திரமேரூர் வட்டாரத்திலேயே பூட்டுவதற்கென்று பிறந்தவர் ஒருவர்தான்: பத்திரம் எழுதும் 'நாப்பத்தெட்டு'. சைக்கிளுக்கு இரண்டு பூட்டு, டிபன் பாக்ஸுக்கு ஒன்று. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும்.

ஊரில் பாதிப் பேருடைய உயில் அவர் கம்ப்யூட்டரில் இருந்தது. அதை எட்டிப் பார்க்க மீதிப் பாதி அலைந்தது. அவர் டீ குடிக்க எழுந்தால் போதும், யாராவது மவுஸைப் பிடித்திருப்பார்கள். பொறுத்துப் பார்த்தவர், மொத்தத்தையும் என்கிரிப்ட் செய்துவிட்டார். பாஸ்வேர்டு இல்லாமல் ஓர் எழுத்தைக்கூடப் படிக்க முடியாது. சிக்கல் வந்தால் திறக்க நாற்பத்தெட்டு இலக்கத்தில் ஒரு மீட்பு எண்.

"பூட்டலன்னா ஊரே தொறக்கும். பூட்டுனா ஒரு நாளு நானே தொறக்க முடியாத பூடும். ரெண்டையும் எட போட்டுப் பாத்துட்டேன்பா" என்றார்.

"நம்பர எங்கண்ணா எய்தி வெச்சிகீற?" என்று கேட்டேன்.

"எய்தி வெச்சா திருடிக்கினு பூடுவானுங்க. ஆறாறா பிரிச்சி எட்டு பேராண்ட குடுத்துகீறேன். ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்காத ஆளா பாத்து! எப்பிடிக் கூட்டு சேருவாங்க?"

கிணற்றுத் தகராறில் பிரிந்த மானாம்பதி அண்ணன் தம்பி, எதிரெதிர் டீக்கடைக்காரர்கள், ஒரே வீட்டு மாமியார் மருமகள். ஏழாவது நான். எட்டாவது, காதுகுத்தில் என்னை மூன்றாம் பந்திக்குத் தள்ளிய என் மனைவியின் அண்ணன்.

என் வீட்டுமனை பதிவு நாள் வந்தது. பன்னிரண்டு மணிக்கு டோக்கன். விற்பவர் ஏற்கெனவே மனசு மாறிக்கொண்டிருந்தார்; அன்றைக்கு விட்டால் மனை போய்விடும். பத்திரமோ நாப்பத்தெட்டு அண்ணனின் கம்ப்யூட்டருக்குள். முதல்நாள்தான் மெக்கானிக் அதற்கு போர்டு மாற்றியிருந்தார். ஆன் செய்ததும், புது போர்டைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, பாஸ்வேர்டை விட்டுவிட்டு மீட்பு எண்ணைக் கேட்டது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவரோ கைதட்டினார்.

"பாத்தியா! என்னியே நம்பல. இன்னா நேர்மை!"

எல்லோருக்கும் போன் போட்டார். ஆறு பேர் வந்து ஆறு திசையைப் பார்த்து நின்றார்கள். "அவ வெளிய போனாதான் நான் சொல்லுவேன்" என்றார் மாமியார். ஒவ்வொருவராக அண்ணன் காதில் ஓதினோம். மணி பதினொன்றரை. எட்டாவது ஆளைக் காணோம்.

"நீ கூப்புட்டாதான் வருவாராம்" என்று போனை என்னிடம் நீட்டினார்.

இரண்டு வருஷ ரோஷம். மனையை நினைத்து விழுங்கினேன். "மச்சான்... நான்தான்."

"இன்னா மாப்ள, நாஷ்டா ஆச்சா? தோ வந்துகினே கீறேன்."

கடைசி ஆறு எண்களும் ஏறின. திரை திறந்தது. பகையாளிகள் அத்தனை பேரும் ஒன்றாகக் கத்தினோம். மாமியார் மருமகள் கையைப் பிடித்துவிட்டு, ஞாபகம் வந்தாற்போல் விட்டுவிட்டார். பன்னிரண்டு மணிக்கு மனை என் பெயருக்கு வந்தது. சாட்சிக் கையெழுத்து மச்சான் போட்டார்.

அடுத்த வாரம் அண்ணன் எண்ணை மாற்றி மறுபடி பங்கு போட்டார். ஆசையாகப் போய் நின்றேன்.

"உனுக்குக் கெடியாது. உன் மச்சானுக்கும் கெடியாது. நீங்கதான் பேசிக்கிறீங்களே, எப்பிடி நம்புறது?"

கறாராகச் சொல்லிவிட்டு எங்கள் இருவருக்கும் டீ வரவழைத்தார். நம்பிக்கையில்லை என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லி, எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது அன்றைக்குத்தான்.