கிளியர் அண்ணன் வேண்டாமென்ற பதினேழு கண்ணாடிகள்

சிங்கப்பூரில் விற்கும் நீச்சல் கண்ணாடி ஒன்றுகூட உருப்படியில்லை என்று முதலில் கண்டுபிடித்தவர் எங்கள் கிளியர் அண்ணன்தான். தீவில் அவர் ஏறி இறங்காத விளையாட்டுப் பொருள் கடை கிடையாது. அவர் தலை தெரிந்தாலே விற்பனையாளர்களுக்குச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும்.

பாசிர் ரிஸ்ஸில் ஒரு பொது நீச்சல் குளத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவர்களுக்கு நீச்சல் வகுப்பு நடக்கும். நாற்பத்தெட்டு வயதில் நான் அதில் சேர்ந்தேன். முதுகுவலிக்கு நீந்தச் சொன்ன டாக்டர், கல்லைப் போல மூழ்குகிறவன் என்ன செய்ய வேண்டுமென்று சொல்லவில்லை. கிளியர் அண்ணனுக்கு வகுப்பு தேவையில்லை. தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பயிற்சியில், கற்ற நீச்சல் அது. ஐம்பத்தேழு வயதிலும் தண்ணீரை நோகாமல் கிழித்துக்கொண்டு போவார். மற்ற நாட்களில் காய்கறி மொத்தக் கடைக்கு வேன் ஓட்டி, லிட்டில் இந்தியாவின் சாப்பாட்டுக் கடைகளுக்கெல்லாம் வெங்காயமும் வாழை இலையும் போடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் கண்களுக்குக் காவலர்.

முதல் நாளே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன தம்பி, இவ்வளவு இறுக்கிக் கட்டியிருக்கீங்க? கண்ணு வெளிய வந்துடப் போவுது."

"தண்ணி உள்ள வருது, அண்ணே."

"இறுக்கினா நிக்குமா? வாரு சும்மா பிடிச்சுக்கத்தான். தண்ணிய நிறுத்துறது இந்த ரப்பரு. கழட்டுங்க."

கழற்றினேன். வாரைத் தலையில் மாட்டாமல் கண்ணாடியை மட்டும் என் கண்களில் வைத்து மெல்ல அமுக்கிவிட்டுக் கையை எடுத்தார். அது அப்படியே தரையில் விழுந்தது.

"பாத்தீங்களா? ரெண்டு மூணு செகண்டு தானா ஒட்டி நின்னா அது உங்க மூஞ்சிக்குச் செஞ்சது. விழுந்தா வேற எவன் மூஞ்சிக்கோ செஞ்சது. நீங்க வேற ஆள் மூஞ்சியப் போட்டுக்கிட்டு நீந்துறீங்க."

என் வகுப்புத் தோழர்கள் முன்னால் இப்படி ஒரு மானக்கேடு. ஆனால் அடுத்த வாரம் அவர் தேர்ந்துகொடுத்த கண்ணாடியைப் போட்டபோது ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை, கண்ணைச் சுற்றி ஆந்தை வளையமும் விழவில்லை. அன்றிலிருந்து நான் அவருடைய ஆள்.

அவரோடு ஒருமுறை கடைக்குப் போயிருக்கிறேன். வாரில்லாமல் கண்ணாடியை முகத்தில் ஒட்டிக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டியபடி கடை முழுக்க நடந்தார். காலணிகளைப் பார்த்தார், பூப்பந்து மட்டைகளைப் பார்த்தார். மேலாளர் ஓடி வந்து, "என்ன அங்கிள் வேணும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அண்ணன் தலையைப் பலமாக ஆட்டினார். கண்ணாடி விழவில்லை. பிறகு கூரை விளக்கை அண்ணாந்து பார்த்தார்.

"கிளியரா இல்ல லா," என்றார், சிங்கப்பூர்ப் பேச்சுக்கே உரிய 'லா'வைச் சேர்த்து.

"மூக்கு மேல வர்ற பாலம் மூணு அளவுல இருக்கு, மாத்திப் பாருங்க," என்றார் மேலாளர்.

"மூக்குல ஒண்ணும் இல்ல. ஓரத்துல புகை மாதிரி இருக்கு. இடது பக்கம்."

மேலாளர் வாங்கிப் பார்த்தார். நான் பார்த்தேன். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. "உங்க ரெண்டு பேருக்கும் அனுபவம் பத்தாது," என்று சொல்லிவிட்டு அண்ணன் அதையே வாங்கினார். தண்ணீரில் போட்டால் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை.

சரியாகவில்லை. எதுவும் சரியாகவில்லை. இரண்டு வாரம் போடுவார். உள்பக்கத்தை விரலால் தேய்க்க மாட்டார், புகை தடுக்கும் பூச்சு போய்விடும் என்று. தேய்க்கிற ஆளைக் கண்டால் குளத்துக்குள்ளிருந்தே கத்துவார். குழந்தைகளின் ஷாம்பூவில் ஒரு சொட்டு விட்டு அலசிப் பார்ப்பார். எச்சில் துப்பிப் பார்ப்பார். நீலக் கண்ணாடி, புகை நிறக் கண்ணாடி, நிறமே இல்லாத கண்ணாடி. கடைசியில் கரையேறி வந்து, "கிளியரா இல்ல லா. இடது பக்கம் புகை கட்டுது. நீங்க வச்சுக்கங்க," என்று யார் கையிலாவது திணித்துவிடுவார். இப்படித்தான் அவருக்கு அந்தப் பெயர் வந்தது. ஒரு வருடத்துக்குள் எங்கள் வகுப்பே அவர் தள்ளிவிட்ட கண்ணாடிகளில்தான் நீந்திக்கொண்டிருந்தது.

இன்னொரு பழக்கம் மோதுவது. தவளை நீச்சலில் நிம்மதியாக வந்துகொண்டிருந்த ஒரு சீனப் பெண்மணியை மூன்று ஞாயிறு தொடர்ந்து இடித்தார். ஒவ்வொரு முறையும் கண்ணாடியைக் கழற்றி அவர் முன் நீட்டி, "சாரி லா, இது கிளியரா இல்ல," என்று மன்னிப்புக் கேட்டார். மூன்றாம் முறை அந்தப் பெண்மணி தன் கண்ணாடியைத் தட்டிக் காட்டி ஆங்கிலத்தில் கேட்டார். அதுவும் அண்ணன் கொடுத்ததுதான்.

"இதுவும் கிளியரா இல்லன்னுதானே எனக்குக் குடுத்தீங்க? எனக்கு நல்லாத்தானே தெரியுது."

குளமே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். நானும்தான் சிரித்தேன்.

பதினேழாவது கண்ணாடி என்னிடம் வந்தது. அன்று வகுப்பு முடிந்தபின் அதைப் போட்டுக்கொண்டு தனியாக இறங்கினேன். தரையின் ஓடுகள் ஒவ்வொன்றும் தெரிந்தன. பக்கத்து வரிசையில் நீந்தியவரின் கால் விரல் நகத்துப் பூச்சு தெரிந்தது. இடது ஓரம், வலது ஓரம் எங்கும் புகை இல்லை. கரையேறி, அவர் தள்ளிவிட்ட மற்ற கண்ணாடிகளை வைத்திருந்தவர்களிடம் கேட்டேன். பதினாறு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். நல்லாத்தான் இருக்கு.

அப்போது எனக்கு வந்தது சிரிப்பு. இதை ஒளிக்காமல் எழுதுகிறேன். மறுநாள் அலுவலகத்தில் இதைக் கதையாகச் சொல்லி மற்றவர்களையும் சிரிக்க வைத்தேன்.

அடுத்த ஞாயிறு அவருக்குக் கோப்பி வாங்கி வந்து நீட்டினேன். நான் அவருக்கு இடப்பக்கம் நின்றிருந்தேன். அவர் நேரே குளத்தைப் பார்த்தபடி பேசிக்கொண்டே இருந்தார். கோப்பியை வாங்கவில்லை. நான் சுற்றி வந்து வலப்பக்கம் நின்று நீட்டியதும், "அட, எப்ப வந்தீங்க?" என்று வாங்கிக்கொண்டார். அதுவரை அவர் என்னோடு பேசிக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தேன். எதிரே நின்ற குளத்து உயிர்காப்பாளரோடு பேசியிருக்கிறார்.

அன்று எனக்குப் புரிந்துவிட்டது. முப்பது வருடமாக வேன் ஓட்டிப் பிழைக்கிற மனிதரிடம், அண்ணே, புகை கண்ணாடியில் இல்லை என்று எப்படிச் சொல்வது? அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்படியே இரண்டு மாதம் போயிற்று.

ஒரு ஞாயிறு நீச்சல் முடிந்து அவருக்கு லிட்டில் இந்தியாவில் சரக்கு போட வேண்டியிருந்தது. எனக்கும் அங்கே வேலை இருந்ததால் வேனில் ஏறிக்கொண்டேன். விடுமுறை நாள் கூட்டம். நடைபாதை நிறைந்து ஆட்கள் சாலையில் வழிந்துகொண்டிருந்தார்கள். ஒரு சந்தில் மெதுவாகத்தான் திரும்பினார். வேனின் இடப்பக்கத்துக் கண்ணாடி ஒருவர் தோளில் இடித்தது. நான் கத்தினேன். வேன் நின்றது.

இடிபட்டவர் கட்டுமான வேலைக்கு வந்தவர், முப்பத்தைந்து வயதிருக்கும். கையிலிருந்த சாப்பாட்டுப் பொட்டலம் சாலையில் பிரிந்து கிடந்தது. தோளைத் தேய்த்துக்கொண்டே, பதறி இறங்கிய அண்ணனுக்கு அவரே ஆறுதல் சொன்னார்.

"ஒண்ணும் ஆகலண்ணே. லேசாத்தான் பட்டுச்சு. கூட்டத்துல தெரிஞ்சிருக்காது."

அண்ணன் அவர் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பக்கத்துக் கடைக்கு அழைத்துப்போய் வேறு சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். திரும்பி வந்து வேனின் இடப்பக்கக் கண்ணாடியைச் சட்டையால் துடைக்கத் தொடங்கினார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இதுவும் கிளியரா இல்ல, தம்பி."

"அண்ணே, அது கிளியராத்தான் இருக்கு."

கை நின்றது.

"நீங்க எங்களுக்குக் குடுத்த கண்ணாடி எல்லாமே கிளியராத்தான் இருக்கு. நான் போட்டுப் பாத்தேன். எல்லாரையும் கேட்டேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப பாத்தீங்க?"

"ரெண்டு மாசம் ஆச்சு."

"சொல்லியிருக்கலாம்," என்றார். திட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. அந்த ஒரு வார்த்தைதான். பிறகு முதலாளிக்குப் போன் போட்டு, வேனை எடுத்துப்போக வேறு ஆள் அனுப்பச் சொன்னார். ஆள் வரும்வரை இருவரும் வெங்காய மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றோம். அதன்பின் அவர் வண்டி ஓட்டவே இல்லை.

மருத்துவமனையில் குளோக்கோமா என்றார்கள். கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது. இடது கண்ணில் ஓரம் ஏறக்குறைய போய்விட்டது. வலது கண்ணிலும் தொடங்கிவிட்டது. போனது திரும்பாது. மிச்சத்தைக் காப்பாற்றச் சொட்டு மருந்து. இரண்டு மாதத்தில் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னாராம். அதை அண்ணனே மெனக்கெட்டு எனக்குப் போன் செய்து சொன்னார். எனக்காகச் சொன்னார் என்பது புரிந்தது. அதனால் நிம்மதி வரவில்லை.

நாலு மாதம் அவர் குளத்துப் பக்கம் வரவில்லை. ஒரு மாலை வீட்டுக்குப் போனேன். காய்கறிக் கடையில் இப்போது அவருக்கு உட்கார்ந்து கீரை பிரிக்கிற வேலை. அவர் உள்ளே முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அவர் மனைவி கமலா அக்கா தணிந்த குரலில் சொன்னார்:

"ஒரு வருஷமா தட்டுல இடது பக்கம் வச்ச பொரியலத் தொடவே மாட்டாரு, தம்பி. பிடிக்கலபோலன்னு நானும் பொரியல் செய்யறதையே விட்டுட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல."



நீந்தலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கண் குழிக்குள் அமுங்கி உட்காரும் சின்னக் கண்ணாடி மட்டும் கூடாது. நெற்றி எலும்பிலும் கன்னத்திலும் உட்காரும் அகலமானதாக வேண்டும். மறுவாரம் நான் விளையாட்டுப் பொருள் கடைக்குப் போனேன். பெரிதாக, மெத்தென்ற ரப்பர் வைத்த, நிறமில்லாத கண்ணாடிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். அண்ணன் முகம் என்னைவிட அகலம் என்பதால், அவர் முக அகலமுள்ள ஒரு மனிதரைக் கடையிலேயே பிடித்து, கெஞ்சிப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அந்த மனிதர் இன்னும் என்னைப் பற்றி வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பார்.

வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அண்ணன் அதைக் கையில் வாங்கி ஓரங்களை விரலால் தடவினார். போட்டார். நெற்றியில் எங்கே உட்காருகிறது என்று தொட்டுப் பார்த்தார். சன்னல் பக்கம் திரும்பினார். அக்கா, "எப்படி இருக்கு?" என்று கேட்டார். அண்ணன் தலையை மெல்ல இடமும் வலமும் திருப்பி, எதிர் அடுக்குமாடியை முழுதாகப் பார்த்து முடித்தார்.

"கண்ணாடியில ஒரு குறையும் இல்ல," என்றார். அதைக் கழற்றாமலே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நாங்கள் அவரைத் தனியே விட்டுச் சமையலறைக்குப் போனோம்.

இப்போது ஞாயிறுதோறும் பேருந்தில் வருகிறார். போன மாதப் பரிசோதனையில் வலது கண்ணில் இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றார்கள். அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். சுவரோர வரிசையில் நீந்துகிறோம்; போகும்போது அவருக்கு இடப்பக்கம் நான், திரும்பும்போது சுவர். அந்தப் பக்கத்திலிருந்து யார் வந்தாலும் முதலில் என்மேல்தான் மோத வேண்டும். மோதியிருக்கிறார்கள்.

போன வாரம் கரையில் மூச்சு வாங்க நின்றபோது கேட்டார்:

"இத்தனை நாளாச்சு, இன்னும் என்னைத் தாண்டிப் போக மாட்டேங்கிறீங்களே, தம்பி?"

"எனக்கு அவ்வளவுதான் வருது, அண்ணே," என்றேன்.

அவரை விட்டு முன்னால் போக எனக்கு மனமில்லை.