மாதிரி நோயாளி எட்டு

எங்கள் மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் 'நோயாளி நலன் மற்றும் மருத்துவக் கல்வி ஆய்வுத் துறை' என்று ஒன்று இருக்கிறது. நான் அதன் தட்டச்சர். துறை தொடங்கிய முதல் ஆண்டிலேயே ஒரு முக்கியமான உண்மை கண்டறியப்பட்டது. நோயாளி நலன் பற்றிய ஆய்வுக்குப் பெரிய இடைஞ்சல் நோயாளிகள்தான். அவர்கள் நேரத்துக்கு வருவதில்லை. கேட்ட கேள்வியை விட்டுவிட்டு வேறு எதையோ சொல்லி அழுகிறார்கள். சிலர் ஆய்வு பாதியில் இருக்கும்போது முன்னனுமதி பெறாமல் இறந்தும் போகிறார்கள்.

ஆகவே துறைத்தலைவரான பேராசிரியர் 'மாதிரி நோயாளி'த் திட்டத்தைக் கொண்டுவந்தார். நல்ல உடம்புள்ள ஆட்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி, ஆளுக்கொரு நோயை எழுதிக் கொடுத்து, மனப்பாடம் செய்ய வைப்பது. மாணவர்கள் அவர்களிடம் பேசிப் பரிவு பழகுவார்கள். பிறகு அதில் தேர்வும் உண்டு. பரிவுக்கு இருபத்துநான்கு இனங்கள் வகுக்கப்பட்டிருந்தன. வணக்கம் சொன்னாரா, கை கழுவினாரா, கண்ணைப் பார்த்துப் பேசினாரா, இரண்டு நிமிடம் குறுக்கே பேசாமல் கேட்டாரா, இப்படி. தேர்வறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பேராசிரியரும் ஒருங்கிணைப்பாளர் அம்மாவும் உட்கார்ந்து டிக் போடுவார்கள். நான் அவர்கள் முதுகுக்குப் பின்னால் கணினியோடு இருப்பேன்.

திட்டம் இப்படிச் சீரும் சிறப்புமாக நடந்துகொண்டிருந்தபோதுதான் பெயிண்டர் வந்து சேர்ந்தார்.

அவருக்கு நாற்பத்தைந்து வயது. இரண்டு மாதமாகச் சாப்பிட்டால் வலது விலாவுக்குக் கீழே வலி. அது அப்படியே ஏறி வலது தோள்பட்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். தரைத்தளத்திலுள்ள புறநோயாளிப் பிரிவுக்கு மூன்று தடவை போயிருக்கிறார். மூன்று தடவையும் நடந்த உரையாடலை எனக்கு அப்படியே ஒப்பித்தார்.

"என்ன?"

"சாப்பிட்டா வலி டாக்டர். இங்க ஆரம்பிச்சு தோளுக்குப் போகுது."

"என்ன வேலை?"

"பெயிண்டர்."

"அப்புறம் தோள் வலிக்காம என்ன செய்யும்? களிம்பு தடவுங்க. அடுத்து."

டாக்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவரையும் குறை சொல்ல முடியாது. காலையில் இருநூற்றுப் பத்துப் பேர். ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கு யார் மருந்து எழுதுவது?

பெயிண்டரின் மனைவியுடைய தம்பி எங்களிடம் மாதிரி நோயாளி ஐந்தாக இருந்தான். ஆஸ்துமா. அக்கா வீட்டுக்குப் போனவன் வழி காட்டினான்.

"மாமா, மாடியில என்னை எப்படித் தாங்குறாங்க தெரியுமா? நாற்காலி இழுத்துப் போடுறாங்க. 'உங்க மனசுல என்ன பயம்'னு கேக்குறாங்க. எனக்கு ஒரு மண்ணும் இல்ல, அதுக்கே இந்த உபசாரம். உங்களுக்கு நிஜமாவே இருக்கு. பேசாம வேலைக்குச் சேந்துடுங்க."

சேர்வதற்கு உடல்தகுதிச் சான்று வேண்டும். அதைத் தர வேண்டியவர் அதே புறநோயாளி டாக்டர். அவர் வழக்கம்போலக் குனிந்தபடியே 'பூரண ஆரோக்கியம்' என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். பெயிண்டர் மாதிரி நோயாளி எட்டு ஆனார். அவருக்கு ஒதுக்கப்பட்ட நோய் ஒற்றைத் தலைவலி.

"வயித்து வலியா மாத்திக் கொடுங்களேன், எனக்குச் சுலபமா வரும்" என்று கேட்டுப் பார்த்தார்.

"வயித்து வலி ஏழாம் நம்பருக்குப் போயிடுச்சு" என்றார் ஒருங்கிணைப்பாளர் அம்மா. பிறகு அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். "கண்ணுல என்ன போட்டிருக்கீங்க?"

"ஒண்ணும் போடலைங்க. ஒரு வாரமா இப்படி மஞ்சளாத்தான் இருக்கு."

"ஒப்பனைக்கு விதியில இடமில்ல. தேர்வன்னைக்கு நல்லாக் கழுவிட்டு வாங்க."

தேர்வு நாள் வந்தது. முதல் பதினோரு மாணவர்களிடம் பெயிண்டர் பிசகாமல் தலைவலியைச் சொன்னார். வலி வரும்போதெல்லாம் கை மட்டும் தலையை விட்டு விலாவுக்கு இறங்கியது. பதினோரு பேரும் இருபதுக்கு மேல் மதிப்பெண் வாங்கினார்கள்.

பன்னிரண்டாவதாக வந்தது தேர்வு எண் நாற்பத்தேழு. ஏற்கெனவே ஒரு தடவை தேறாத பெண். இந்தத் தடவையும் தவறினால் தோழிகளெல்லாம் மேல் வகுப்புக்குப் போய்விட, இவள் மட்டும் பின்தங்க வேண்டியதுதான்.

"தலையில ஒரு பக்கம் மட்டும் சுத்தியால அடிக்கிற மாதிரி..." என்று பெயிண்டர் ஆரம்பித்தார்.

"ஐயா, தலையச் சொல்றீங்க. கை விலாவில இருக்கே?"

பெயிண்டர் குனிந்து தன் கையைப் பார்த்தார். "அங்கதாம்மா வலி" என்றார்.

அவள் எழுந்து வந்து அவர் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். விலாவுக்குக் கீழே விரலை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னாள். பாதி மூச்சில் அவர் துடித்து நிறுத்தினார்.

"சிறுநீர் என்ன நிறம்?"

"டீத்தண்ணி நிறம்மா."

"பித்தப்பைக் கல்லு குழாய அடைச்சிருக்குன்னு நினைக்கிறேன். இன்னைக்கே ஆஸ்பத்திரியில சேரணும்."

"ஆஸ்பத்திரியிலதானேம்மா இருக்கேன்" என்றார் பெயிண்டர்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பேராசிரியர் நெற்றியைச் சுருக்கினார். "தலைவலிக்கு இவ எதுக்கு வயித்தத் தொடுறா?"

"வயிறு இருபத்துநாலு இனத்துல இல்ல சார். பதட்டத்துல கையையும் கழுவல" என்றார் ஒருங்கிணைப்பாளர் அம்மா. மொத்தமே ஐந்து மதிப்பெண்தான் விழுந்தது.

அவள் நேராக எங்கள் அறைக்கு வந்தாள். "சார், அவருக்கு நிஜமாவே மஞ்சள் காமாலை."

"இருக்கலாம்மா. நாம இங்க சோதிக்கிறது உன்னை. அவரை இல்ல."

"அப்போ அவரை யார் சார் சோதிக்கிறது?"

"அது தரைத்தளம்" என்றார் பேராசிரியர் மிகுந்த பரிவோடு.

தகவல் கேட்டுப் பெயிண்டரின் மனைவி ஓடி வந்தார். சலவைக் கடையில் துணி தேய்க்கிறவர். புருஷனைக் கைத்தாங்கலாகப் புறநோயாளிப் பிரிவுக்கு அழைத்துக்கொண்டு போனார். டாக்டர் "என்ன?" என்று கேட்டபடி எழுதத் தொடங்கியதும், அந்தச் சீட்டின்மேல் தன் உள்ளங்கையை விரித்து வைத்தார்.

"எழுதறதுக்கு முன்னாடி இவர் மூஞ்சியப் பாருங்க. ஒரு தடவ போதும்."

டாக்டர் நிமிர்ந்தார். மூன்று விநாடிதான். பேனாவைக் கீழே போட்டுவிட்டு, தள்ளுவண்டியைத் தானே இழுத்து வந்தார். தான் கெட்டிக்காரர் என்பது அவருக்கே அன்றுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அன்று மாலையே அடைப்பு நீக்கப்பட்டது. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் ஆள் தேறியிருக்க மாட்டார் என்று மனைவியிடம் சொன்னார்களாம்.

எங்கள் துறையும் சும்மா இருக்கவில்லை. 'மாதிரி நோயாளிகளிடம் நிஜ நோய்க் கலப்படம்' என்ற ஆய்வறிக்கை நாற்பது பக்கத்தில் தயாரானது. நான்தான் அடித்தேன். நாற்பத்தேழாம் எண் ஆறு மாதம் கழித்து மறுதேர்வு எழுத வேண்டும் என்பது அதன் ஏழாவது பரிந்துரை.

உடம்பு தேறியதும் பெயிண்டர் பேராசிரியரைப் பார்க்க வந்தார். "அந்தப் பொண்ணு இல்லேன்னா நான் இல்லைங்க. அதைப் பாஸ் போட்டுடுங்க."

"உங்க நன்றியுணர்ச்சி ஆய்வோட நடுநிலையப் பாதிக்கும்" என்றார் பேராசிரியர். ஆனால் இனி ஏணி ஏற முடியாது என்று பெயிண்டர் சொன்னதைக் கேட்டு மனம் இளகி, முதுநிலை மாதிரி நோயாளியாகப் பதவி உயர்வு கொடுத்தார். நோயாளியின் குரலுக்கு மதிப்பளிக்கும் வகையில், மாணவர்களுக்கு மதிப்பெண் போடும் அதிகாரமும் அவருக்கு வழங்கப்பட்டது. பெயிண்டர் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வரத் தொடங்கினார். பச்சை மையில் கையெழுத்துப் போடப் பழகினார். வணக்கத்தில் பணிவு போதாது என்று இரண்டு மாணவர்களைத் தேறவிடவில்லை.

மறுதேர்வு வந்தது. நாற்பத்தேழு கதவைத் திறந்து வந்து வணக்கம் சொன்னாள். கை கழுவினாள். நாற்காலியில் உட்காரும்போது அவள் பார்வை பெயிண்டரின் கால்களில் விழுந்தது. இரண்டு பாதமும் வீங்கி, செருப்பு வார் சதையில் பதிந்திருந்தது. அவள் பார்வை அங்கேயே நின்றது. கண்ணாடி வழியாக நானும் பார்த்தேன். ஒருங்கிணைப்பாளர் அம்மா பேனாவை உயர்த்தினார்.

அவள் ஒரு கணம் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பெயிண்டரின் கண்ணைப் பார்த்துக் கனிவாகக் கேட்டாள்.

"தலைவலி எந்தப் பக்கம் ஐயா?"

இருபத்துநான்குக்கு இருபத்துநான்கு. பெயிண்டர் மதிப்பெண் தாளை என்னிடம் கொடுக்கும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"தேறிட்டா தம்பி. போன தடவ ரொம்பத்தான் கண்டதையும் கேட்டா. இப்போ பக்குவம் வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு, காலைத் தேய்த்துத் தேய்த்துப் படியிறங்கிப் போனார்.

கூப்பிட்டுச் சொல்லலாமா என்று எனக்கும் தோன்றியது. ஆனால் அன்று மாலைக்குள் ஆண்டறிக்கையை முடித்தாக வேண்டும். நோயாளி திருப்தி நூறு சதவீதம் என்று அடித்தேன். ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை என்று பேராசிரியர் என்னை எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினார்.